இடப்பக்கம் இருந்த தாள்

கிராவிக் ஊரில், மாவட்ட நீதி அதிகாரி முன்பாக, 1940 அக்டோபர் 24, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் ஸ்டெய்னுன். தகப்பனார் பெயர் ஹால்டோர். வயது முப்பத்து மூன்று. ஐஸ்லாந்து, கிராவிக், மேல்தெருவில் தபால் நிலையத்துக்குப் பின்வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். கிராவிக் கடலோரக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தில் ஒன்பது வருடமாகத் தந்தி அடிக்கும் வேலை பார்க்கிறேன். விவாகரத்து ஆனவள். குழந்தை இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா என்று எழுத்தர் கேட்டார். தெரியாமல் இந்த வேலையில் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னேன்.

கடந்த மே மாதம் ஆங்கிலேயப் படை நம் நாட்டில் இறங்கிய நான்காம் நாள், லெப்டினன்ட் ப்ரூம் என்பவரும் ஐந்து ஆட்களும் நிலையத்துக்கு வந்து, இனிமேல் நிலையம் தங்கள் கட்டுப்பாட்டில் என்று ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டினார்கள். அதன் பிறகு வானிலை அறிவிப்பு அனுப்பக் கூடாது என்றார்கள். படகுகளோடு வாயால் பேசக் கூடாது, தந்தி மட்டும்தான் என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பியார்த்மாரை மொழிபெயர்க்க அமர்த்திக்கொண்டார்கள். இருந்தாலும் மீன்பிடிக் கப்பல்களுக்கான தந்தியை என்னிடமே விட்டிருந்தார்கள். இந்த மாதம் பத்தாம் தேதி ஊர்க் கடல்வாயில் கண்ணிவெடி போட்டார்கள். அன்றிலிருந்து தந்தி அடிக்கும் விசையை யாரும் தொடக் கூடாது, தங்கள் ஆள் நாரிஸ்தான் அடிப்பான் என்று ஆகிவிட்டது. எனக்கு ஹெட்போனை மட்டும் விட்டுவைத்தார்கள். வருவதைக் கேட்டு எழுதித் தருவேன், காப்பி போடுவேன். அந்தக் காப்பியில் அவர்கள் பாதிக்குப் பாதி பால் ஊற்றிக் கெடுத்துக் குடிப்பார்கள்.

இந்த விசாரணைக்குச் சம்பந்தப்பட்ட 'ஸ்கார்வுர்' என்ற நீராவி மீன்பிடிக் கப்பலில் தந்தி ஆபரேட்டராக இருந்த கெத்தில் என்பவர் என் முன்னாள் கணவர். நாங்கள் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. காரணம் இங்கே தேவையில்லை என்றேன், அதிகாரி தேவை என்றார். அவர் வருடத்தில் பத்து மாதம் கடலில் இருந்தார், மீதி இரண்டு மாதம் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தார். வேறு ஒன்றும் இல்லை. அதன் பிறகு தெருவில் எதிர்ப்பட்டால் பேச மாட்டோம். தந்தியில் மட்டும் பேசினோம், அதுவும் வேலை விஷயமாக. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று மீன் பதனிடும் கொட்டகையில் சில பெண்கள் பேசிக்கொள்வதை அதிகாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, ஏனென்றால் இல்லை என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை.

தந்தி அடிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. புள்ளியும் கோடுமான எழுத்துகள் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அடிப்பது யார் என்பது பழகினவருக்கு மூன்றாவது எழுத்திலேயே தெரிந்துவிடும். நாரிஸ் படையில் பழகியவன், ஆணி அறைவது போலச் சுத்தமாக அடிப்பான். நான் கோடுகளைக் கொஞ்சம் இழுப்பேன். "நீ தந்தி அடிக்கறியா, மாவு பிசையறியா?" என்று கெத்தில் கேலி செய்வார்.

சம்பவ தினமான அக்டோபர் 17 அன்று காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன். பதினொரு மணி வாக்கில் மூடுபனி இறங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு சிப்பாய் மோட்டார் சைக்கிளில் வந்து லெப்டினன்டிடம் ஒரு தாள் கொடுத்தான், அவர் அதைப் படித்துவிட்டு நாரிஸிடம் கொடுத்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடல்வாயில் நிற்கும் கெர்லிங் பாறைக்கு மேற்கே கப்பல்களுக்கு விட்டுவைத்திருந்த வழியிலும் அன்று காலை வெடி போட்டுவிட்டார்கள், இனிக் கிழக்கு வழிதான் என்பது அதில் இருந்ததாக மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஸ்கார்வுர் கூப்பிட்டது. அது இங்கிலாந்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது, ஆட்கள் பதினான்கு பேர். செப்டம்பர் கடைசியில் கிளம்பியவர்கள். வெடி போட்டதும் தெரியாது, விசை கை மாறியதும் தெரியாது. நாரிஸ் கண்ணிவெடி எச்சரிக்கையை அடித்தான். கெத்தில் செய்தி கிடைத்தது என்று சொல்லாமல், "யார் அது?" என்று திருப்பிக் கேட்டார். நாரிஸ் நிலையத்தின் அழைப்புக் குறியை அடித்தான். பதில் இல்லை. நான்கு முறை அடித்தான், நான்கு முறையும் இல்லை.

நான் பியார்த்மாரிடம், "அவர் பதில் சொல்ல மாட்டார் வாத்தியாரே. இது அவருக்குத் தெரியாத கை. ஜெர்மன்காரன் நிலையத்தைப் புடிச்சுட்டான்னு நெனைச்சுக்குவார்" என்றேன்.

"எழுத்து சரியாத்தானே போவுது, அப்புறம் என்ன?" என்றார்.

"உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடியிருந்து வேற யாரோ 'உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டா போயிடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் அதை எப்படி மொழிபெயர்த்தார் என்று தெரியாது, லெப்டினன்ட் சிரித்தார். அதன் பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு நாரிஸை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

எங்கள் நிலையத்தில் அனுப்ப வேண்டிய தாள் விசைக்கு இடப்பக்கம் இருக்கும். அனுப்பி முடித்ததை வலப்பக்கம் கவிழ்த்து வைப்போம். நான் வேலை பழகிய நிலையத்திலும் அப்படித்தான். நாரிஸுக்கு இது தலைகீழ், முடிந்ததை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு அனுப்ப வேண்டியதை வலப்பக்கம் வைத்துக்கொள்வானாம். இது விசாரணையில் அவன் சொல்லி எனக்குத் தெரிந்தது. ஒரு வாரமாக நான் அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தாள்களைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் இருந்தது காலையில் வேறொரு கப்பலுக்கு அனுப்பி முடித்த தாள், அதில் மேற்கு வழி என்று இருந்தது என்கிறார்கள். இரண்டு தாளும் அந்த ஒரு சொல் தவிர அச்சாக ஒன்றுதானாம். அன்று மாலையே இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மறுபடி பார்க்கவில்லை.

நான் உட்கார்ந்து அடித்தேன். அதிகாரி கேட்டதற்குச் சொல்வது: மேற்கு என்று அடித்தேனா, கிழக்கு என்று அடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. தந்தி கண் வழியாகப் போய் விரல் வழியாக வெளியேறிவிடும், தலையில் தங்காது. தங்கினால் இந்த வேலை செய்ய முடியாது. பன்னிரண்டு மணித் தாளைத் தானே என் கையில் கொடுத்ததாக லெப்டினன்ட் சொல்லியிருக்கிறார். இரண்டு தாளும் மேசை மேல்தான் இருந்தன என்று நாரிஸ் சொல்லியிருக்கிறான். பியார்த்மார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், மூடுபனியில் என்ன தெரிந்ததோ. கண்ணை மூடினால் என் இடக்கை ஒரு தாளை எடுப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்பது வருடமாக அந்தக் கை அப்படித்தான் எடுத்திருக்கிறது, தெரிவது எந்த நாள் கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 'தவறுதலாக எடுத்தேன்' என்று எழுத்தர் எழுதினார். அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். 'எடுக்கவில்லை' என்று எழுதினார். அதையும் அடிக்கச் சொன்னேன்.

நான் அடித்து முடித்ததும் கெத்தில் உடனே பதில் அடித்தார். "புரிந்தது, வருகிறோம்" என்று வந்தது. அதற்குப் பின்னால் "மாவு" என்று ஒரு சொல் வந்தது. அது செய்தியில் சேராது என்பதால் பதிவேட்டில் எழுதவில்லை. மூன்று வருடத்தில் வேலையைத் தாண்டி அவர் எனக்கு அனுப்பிய ஒரே சொல் அது. எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு நாரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தான், நான் காப்பி போடப் போனேன். இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்ததா, முன்னால் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. பியார்த்மார், "மலையில பாறை சரிஞ்சிருக்கும்" என்றார். நான் ஓடிப்போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒன்றும் இல்லை. நாரிஸிடம் கேட்காமலே அவன் கையைத் தள்ளிவிட்டு விசையில் அவர்களைக் கூப்பிட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நாரிஸ் தடுக்கவில்லை. அனுமதியில்லாமல் விசையைத் தொட்டது குற்றம் என்றால் அந்தக் குற்றம் நான் செய்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஸ்கார்வுர் வெடியில் மூழ்கிவிட்டது. பாறைக்கு மேற்கே, மூன்று பேரைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கெத்தில் அந்த மூவரில் இல்லை. அவர் என் தந்தியைத் தப்பாகக் கேட்டிருக்கலாம் என்று எழுதிக்கொள்ளலாமா, உங்களுக்கும் நல்லது என்று எழுத்தர் அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் என் கையை ஒரு நாளும் தப்பாகக் கேட்டதில்லை.

பிழைத்த மூவரில் ஒருவர் கப்பல் சமையல்காரர் ஓர்நோல்வுர். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். எந்த வழி என்று தந்தியில் வந்தது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: நாரிஸ் அடித்ததைக் கேட்டு, இது எதிரியின் வலை, பனி விலகும் வரை வெளிக்கடலிலேயே கிடப்போம் என்று கேப்டன் முடிவு செய்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஆட்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். வெளிக்கடலில் வெடி கிடையாது. அப்போது கெத்தில் ஹெட்போனைக் கழற்றாமலே மேல்தளத்துக்குக் குரல் கொடுத்தாராம், "கேப்டன், கெளம்பலாம். அது என் பொண்டாட்டி" என்று.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். தெரியும் என்று சொன்னது எனக்குத் தெரியும், தெரியாது என்று சொன்னது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொன்னதல்ல.

(ஒப்பம்) ஸ்டெய்னுன், ஹால்டோரின் மகள்