குளிர் மேல் போட்ட பழி

ஜனவரி மாதக் காலை. பெங்களூர் ஈஜிபுராவில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். குல்லாய் போட்டவர் கேட்டார்:

"பைக் எங்க குரு? குளிருக்கு ஸ்டார்ட் ஆவலியா?"

"ஒரே உதையில ஆவுது. அதான் தொடறதில்ல," என்றார் ஸ்வெட்டர்காரர்.

என் பைக்குக்கும் அதே குளிர்த் தொல்லை. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாப்பா சொல்ற?"

"எங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு ஆவலியே. சோக் போட்டேன், பிளக்கைக் கழட்டித் தொடச்சேன். எல்லாம் குளிராலதான்னு அரைமணி நேரம் உதைச்சேன். அப்புறம் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"வண்டில இன்னா கோளாறு?"

"ஒண்ணுமில்ல. பெட்ரோல் சொட்டுதுன்னு முந்தின நாள் அண்ணனே டேங்குக்கு அடியில இருக்கற டேப்பை மூடி வச்சிருக்காரு. காரியமெல்லாம் முடிஞ்சப்புறந்தான் பாத்தேன்."

"அவரு சொல்லலியா?"

"மூச்சு வாங்குச்சு, பேச்சு வரல. வாசப்படில உக்காந்துக்கினு வண்டியையே கை காட்டிக்கினு இருந்தாரு."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது.

"நல்லா உதைன்னு சொல்றாருன்னு நெனச்சு, இன்னும் வேகமா உதைச்சேன்."