புட்டு வண்டியில கத்தறவன்

ஆமா சார், சத்தம் ஜாஸ்திதான். பொன்னுரங்கம் வண்டிக்கு அந்த ஸ்பீக்கர வாங்கனதுலேர்ந்து சவுண்ட கம்மி பண்ற பட்டன தேடவே இல்ல. ஆவி பறக்கற இட்லி, பூ மாரி புட்டு, நூலு மாரி இடியாப்பம், கல்வராயன் மலை சாமைக் கொழுக்கட்டை, வாங்கம்மா வாங்க, வூட்டு அடுப்ப அணைங்கம்மா அணைங்க. இன்னா சொன்னீங்க, காது கிழியுதா? கிழியட்டும் சார், அதுல கத்தறது நான்தான், பதிஞ்சி குடுத்த கொரலு. அட, பரவால்ல, உக்காருங்க. என் சம்சாரமும் அதேதான் சொல்லுது.

பேரு அன்புச்செல்வன், ஊரு களமருதூரு. மைக் அன்புன்னு கேளுங்க, இந்த உளுந்தூர்பேட்டையில டீக்கட நாயி கூட வழி காட்டும். ஜவுளிக்கட தள்ளுபடி, அம்மன் கோயிலு கூழு, எலெக்ஷனு, சாவு, எல்லாத்துக்கும் ஆட்டோவுல மைக்க கட்டிகினு போறவன் நான். காலைல ஒரு கட்சி, சாய்ந்தரம் அதே தெருவுல எதிர்க்கட்சி. ரெண்டு பேரையும் வாழவெச்சேன். ஒருத்தனும் ஒரு டீ வாங்கித் தரல.

பாண்டிக்கா போறீங்க? நானும் அந்த பஸ்ஸுதான். வர வரைக்கும் ஒரு கொழுக்கட்ட எடுத்துக்கங்க.

மலைச் சாமையான்னா கேக்கறீங்க? பொன்னுரங்கம் அந்த மலைய பஸ் ஜன்னல்ல கூட பாத்தது கெடையாது. சின்னசேலம் மண்டியில வாங்கறாரு. அது எங்கேர்ந்து வருதுன்னு மண்டிக்காரனுக்கே தெரியுமோ என்னமோ. மலைன்னு சேத்துக்கலாம்னு சொன்னதே நான்தான். வாய்ல போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க, வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் உருகி வரும்போது மலையாவது மண்டியாவது.

எனக்கு சட்னி வேணாம் சார், வெறும் இட்லிதான். காரம் பட்டா வாயி பத்திகினு எரியுது. அதான் பொன்னுரங்கம் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு இருக்காரு. அவரு சம்சாரம் செல்லியம்மா அரைக்கற சட்னி அது. வேணாம்னா குடும்பத்தையே கேவலப்படுத்தன மாரியாம். போன மாசம் வரைக்கும் வழிச்சி வழிச்சி நக்கனவன் நானு, திடீர்னு வேணாம்னா மனுஷனுக்குக் கோவம் வராதா. காரணத்த சொல்லல. யாவார நேரத்துல எதுக்கு.

ஆனா பாருங்க, இப்பதான் எனக்கு ஒண்ணு வெளங்குது. இத்தினி நாளு நான் துன்னது சட்னியத்தான், இட்லி சும்மா ஒரு சாக்கு. வெறும் இட்லிய நிதானமா மெல்லுங்க. மொதல்ல ஒண்ணும் தெரியாது. அப்பறம் லேசா ஒரு புளிப்பு, அதுக்கப்பறம் அரிசியே இனிக்கும். இப்பிடி வலது பக்கமா ஒதுக்கி மெல்லணும். அய்ய, நீங்க எந்தப் பக்கம் வேணாலும் மெல்லுங்க. எனக்குத்தான் இடது பக்கம் ஆவாது.

அதோ, பச்சப் பொடவ, கையில ஃப்ளாஸ்க்கு, அதான் என் சம்சாரம் நிர்மலா. நான் துன்றத பாக்காத மாரி அந்தப் பக்கம் திரும்பிகினு நிக்குது. பாண்டி பெரியாஸ்பத்திரியில சாய்ந்தரம் சேரணும். ராத்திரிலேர்ந்து ஒண்ணும் உள்ள போவக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துடணும்னு காலைலேர்ந்து ஓட்டிகினு இருக்கேன். வூட்ல ஆப்பம், இங்க வந்து புட்டு, இடியாப்பம், இப்ப இட்லி. இன்னும் கொழுக்கட்ட பாக்கி.

ஆபரேஷன்தான். இருங்க, அத அப்பறம் சொல்றேன்.

நேத்து நிர்மலா போன்ல என் கொரல பதிஞ்சி குடுத்தேன் சார். வேற ஒண்ணுமில்ல, வூட்ல தெனம் பேசறதுதான். ஒரு டீ போடு. உப்பு கம்மி. டிவி சவுண்ட கொற. உங்கண்ணன் எப்ப ஊருக்குப் போறான். பட்டன அமுக்கனா போதும், நான் திட்டுவேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, ஒண்ணு வுட்டுட்டன்னுச்சு. இன்னாடின்னேன். சாப்பாடு நல்லாயிருக்குன்னு சொல்லேன்னுச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அத நான் எங்க சார் சொல்லியிருக்கேன்? மைக்குல ஊரு பூரா எவன் எவனையோ நல்லவன்னு சொன்னேன், இதுக்கு வாயி வரல. நாலஞ்சு வாட்டி எடுத்தோம். கடைசியில கொரலு ஒடஞ்சி போச்சு. இதே இருக்கட்டும்னு போன புடுங்கிகினு உள்ள போயிடுச்சு.

எதுக்குப் பதிஞ்சேன்னா? தோ, பஸ்ஸே வந்துடுச்சு. இருங்க சார், கண்டக்டரு டீ குடிக்காம எடுக்க மாட்டாரு. பொன்னுரங்கம், ஒரு இட்லி வையி. சட்னி ஊத்து. காரச் சட்னிதான்யா, செல்லியம்மா அரைச்சது. மொறைக்காத, நல்லா ஊத்து.

எரியும் சார். எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. நாளைக்குக் காலைல அறுத்து எடுக்கப்போற நாக்குதான, அதுக்கு இன்னிக்கு எதுக்கு பத்தியம்? பாதிக்கு மேல எடுத்துடுவாங்களாம். அப்பறமும் பேசலாம்னு டாக்டரு சொல்றாரு, இன்னா பேசறேன்னு எதுருல இருக்கறவங்கதான் கண்டுபுடிக்கணுமாம். ருசி தெரியுமான்னு கேட்டேன், ஃபைல பொரட்டனாரு. பயமில்லன்னு சொன்னா அது நான் எலெக்ஷன்ல பேசன மாரி ஆயிடும். பயமாத்தான் இருக்குது.

ஸ்ஸ்... கண்ணுல தண்ணி வருது, காரம்தான். பொன்னுரங்கம், நல்லாயிருக்குதுய்யா. இன்னா, கேக்கலியா? அந்த ஸ்பீக்கர செத்த நிறுத்து. நிர்மலா, நீயும் இங்க வா. நல்லாயிருக்குதுன்னு சொன்னேன்.