பொத்தானுக்கு ஒரு டம்ளர் ஐஸ்

நாய்க்கு ஐஸ் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். உப்புப் போடக் கூடாது. வெங்காயம், பூண்டு பக்கத்திலேயே வரக் கூடாது. சாக்லேட்டை மறந்தே விட வேண்டும். மற்றபடி புளிக்காத தயிர், நன்றாகக் கனிந்த வாழைப்பழம், வேகவைத்து மசித்த பூசணி, கோழி எலும்பைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு, இவ்வளவுதான். எங்கள் வீட்டு ஃப்ரீசரிலிருந்து டம்ளர்களை எடுத்துப்போய்ச் சோதனைக்கு அனுப்பினீர்கள். அதில் ஒன்றும் இருந்திருக்காது. என்னைக் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். பொத்தானுக்கு நான் ஒருநாள் பழைய தயிரைக்கூடக் கொடுத்ததில்லை.

வாயால் சொன்னால் நீங்கள் நடுவில் குறுக்குக் கேள்வி கேட்கிறீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப்போகிறது. அதனால்தான் பேப்பர் கேட்டேன். முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

என் தங்கைக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஊசிதான் கதி. ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முதலில் வேர்க்கும், பிறகு பேச்சு குழறும், அதற்குப் பிறகு ஆள் நம் கையில் இல்லை. அம்மா சாகும்போது தங்கையின் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் கண்ணும் காதும் அவள் மேல்தான். அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் சத்தம் கொஞ்சம் தடுமாறினால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடுவேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது.

பொத்தான் தெருவில் நனைந்து கிடந்த குட்டி. கண் இரண்டும் கோட்டுப் பொத்தான் போல இருக்கிறது என்று அவள்தான் பெயர் வைத்தாள். வளர்ந்த பிறகு ஒருநாள், அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது முழங்கையை முட்டி முட்டிக் குரைத்தது. சனியனே சும்மா இரு என்று நான் துடைப்பத்தைத் தூக்கினேன். அவளுக்கு என்னவோ தோன்றி, விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அவள் நெற்றி வேர்வை தெரிவதற்கு முன்னால் அதற்கு வாசனை தெரிந்துவிட்டது. ஊசி மருந்து கொண்டுவந்து தருகிற மருந்துக்கடைக்காரரிடம் சொன்னோம். "சில நாய்ங்களுக்கு அது தெரியுமாங்க. டாக்டருங்களே சொல்றாங்க," என்று வாயைப் பிளந்தார்.

தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ நிம்மதியா தூங்குக்கா," என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

ஐஸ் செய்ய ஆரம்பித்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. வெயில் காலத்தில் அது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தது, மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் மதில் வழியாக எட்டிப்பார்த்து, "மனுஷங்களுக்கு ஐஸ் வைக்கிறவங்களைப் பாத்திருக்கேன். நாய்க்கே வைக்கிறது நீங்கதாங்க," என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். தயிர் ஐஸ் சீக்கிரம் உருகிவிடும், இரண்டு நக்கில் காலி. எலும்புச் சாறு ஐஸ் கல் மாதிரி நிற்கும். அதையும் ஒரேயடியாக ஊற்றி உறையவைக்கக் கூடாது. அடியில் ஒரு துண்டுக் கறி, மேலே கொஞ்சம் சாறு, அது இறுகியதும் இன்னும் கொஞ்சம் சாறு. உயரமான டம்ளரில் இப்படி அடுக்கடுக்காகக் கட்டினால், கறி வாசனையைப் பிடித்துக்கொண்டு நாய் மூக்கை உள்ளே விட்டு நக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படி அது நக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மெஷின் சத்தம் தடுமாறியது. பொத்தான் தலையைத் தூக்கவில்லை. குளிரில் மூக்கு மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது. நான் ஓடினேன். அவள் வாயில் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினேன். தெளிந்ததும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்," என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அத்தனை சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

பிறகு அடிக்கடி ஐஸ் செய்தேன். ஐஸ் உருகினால் வீடெல்லாம் ஈரம் என்று பொத்தானைக் கொல்லைப்பக்கம் வைத்துக் கொடுத்தேன். ஊசி போட்ட பிறகு சில நாள் சோறு வேகத் தாமதமாகும். எந்த வீட்டிலும் ஆவதுதான். ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் பார்த்தேன், நான்தான் காப்பாற்றினேன். பொத்தானுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கவலைப்பட்டபோது, வயதாகிறது இல்லையா என்றேன். அதன் தலையைத் தடவிக்கொண்டு, பாவம் என்றாள்.

இத்தனைக்கும் பிறகுதான் மருந்துக்கடைக்காரர் அவளைப் பெண் கேட்டார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவள் சரி என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்ல. எத்தனை நாள் என்னையே பாத்துட்டு இருப்ப? பொத்தானைக் கூட்டிட்டுப் போறேன், நீ பயப்படாத," என்றாள். நாய் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, அது கூட இருந்தால் தைரியமாக இருக்கிறதாம். நான் வந்து இருக்கவா என்று கேட்டேன். "உனக்கு எதுக்குக்கா வீண் சிரமம்?" என்றாள்.

வீண் சிரமம் என்ற வார்த்தையை அவள் யோசித்துச் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கு நான் நினைத்தது இதுதான். கொஞ்சம் பெரிதாக ஒரு மயக்கம் வரட்டும். நாய் போதாது, அக்கா வேண்டும் என்று அவளுக்கே புரியட்டும். அதற்காக வீட்டில் இருப்பதிலேயே உயரமான டம்ளரில் ஐஸ் கட்டினேன். அவள் ஊசி போட்டுக்கொண்டதும் பொத்தானைக் கொல்லையில் விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அடுப்பை ஏன் பற்றவைக்கவில்லை என்று கேட்டீர்கள். பற்றவைக்கவில்லை, அவ்வளவுதான். இதோ ஆயிற்று என்று இரண்டு தடவை குரல் கொடுத்தேன். அவள் நம்பித் தைத்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் தடுமாறியது. நின்றது. அப்போது கொல்லைக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. ஐஸ் பாதிகூடக் கரையவில்லை, கறித்துண்டு அடியில் அப்படியே இருந்தது. டம்ளரை நீங்களே பார்த்தீர்கள். அத்தனை குளிரில் மூக்கை வைத்திருந்தும் அதற்குத் தெரிந்துவிட்டது. கறியை விட்டுவிட்டு வந்து கதவில் மோதி மோதிக் குரைத்தது.

பொத்தான் இப்போது மருந்துக்கடைக்காரர் வீட்டில் இருக்கிறது என்று சொன்னீர்கள். நல்லது. ஆனால் இங்கேயும் அது பிறாண்டுகிறது, மேடம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். காவலுக்கு இருக்கிற அம்மாவிடம் கேட்டேன், "இங்க நாயே கிடையாதும்மா, பேசாம படுங்க," என்கிறார். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. கண்ணை மூடினால் மெஷின் ஓடுகிறது, தடுமாறுகிறது, நிற்கிறது. நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஓடிப்போக எனக்கு இடம் இல்லை. பயமாக இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆமாம், நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அவள் நாற்காலியிலிருந்து சரிந்ததைப் பார்த்தேன். சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கையில் வைத்திருந்தேன். கொல்லுகிற எண்ணம் இருந்திருந்தால் எதற்காகக் கலக்கியிருப்பேன், சொல்லுங்கள். அவள் கூப்பிடவும் செய்தாள். குரல் குழறியது, ஆனாலும் எனக்குத் தெளிவாகவே கேட்டது. பொத்தான், பொத்தான் என்று கூப்பிட்டாள். மூச்சு அடங்கும்வரை அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரோடு அறை வாசற்படியிலேயே நின்றேன். அக்கா என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அவள் என்னைக் கூப்பிடவே இல்லை, மேடம்.