கணீரென்ற ஆக்ஸில்

நேர் ஆக்ஸில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஆபீசர். இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கட்டை, அவ்வளவுதான். அறுபதுகளின் பந்தயக் கார் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமென்றால், காரோடு வந்த முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இதை மாட்டுவோம். வண்டி கால் மைல் நேராக ஓடினால் போதும், வளையத் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஓஹாயோவில் ஆண்பிள்ளைகளைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முப்பது வருஷம் சைலன்சர் இல்லாத எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். காது போய் மூன்று வருஷமாகிறது. உதட்டசைவை வைத்துச் சமாளிக்கிறேன். கூப்பிடு தூரத்தில் இருப்பவர் பேச்சைக்கூடப் பிடித்துவிடுவேன். இது தெரிந்த முதல் ஆள் நீங்கள்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஊரில் என் பட்டப்பெயரே 'காது'.

காரணம் இருக்கிறது. பழைய ஆக்ஸில் வாங்கும்போது அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுவது எங்கள் வழக்கம். முழுசாக இருந்தால் கோயில் மணி போல நீண்டு ஒலிக்கும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்துப்போகும். பழைய பாகச் சந்தையில் எல்லோருக்கும் நான்தான் தட்டிச் சொல்வேன். காது போன பிறகும் விடவில்லை. தட்டிவிட்டு, சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன். முகம் மலர்ந்தால் நல்ல ஆக்ஸில். மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பவில்லை. மனிதர்களைப் படிப்பது இரும்பைப் படிப்பதைவிடச் சுலபம்.

ஹார்லன் என் பக்கத்து வீட்டுக்காரன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருந்த ஐம்பத்தைந்தாம் வருஷத்து இரண்டு கதவு காரைக் கொண்டுவந்து, இலையுதிர்காலப் பந்தயத்தில் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும் என்று கிடந்தான். கையிருப்பு குறைவு. ஆனாலும் ஆக்ஸில் விஷயத்தில் தயங்கினான்.

"லோவெல், பேசாம பெட்டியில வர்ற புது ஆக்ஸிலையே வாங்கிடறேன்டா. மனசுக்கு நிம்மதி."

"பெட்டியவா மாட்டி ஓட்டப்போற? பழைய வேனோட ஆக்ஸில் போதும். நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

சந்தையில் தார்ப்பாய் மேல் இரண்டு கிடந்தன. ஒன்று சரக்கு வேனுடையது. துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. மற்றது, எவனோ நெருப்பில் காய்ச்சி நடுவே தாழ வளைத்து, கறுப்படித்து வைத்திருந்தது. பார்க்க ராஜா மாதிரி. ராஜாவைத் தொங்கவிட்டுத் தட்டினேன். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் முகமும் மலர்ந்திருந்தது. எதிர்வெயில் அது. கண்ணைச் சுளித்தால் பல் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"கணீர்னு இருக்கு. எடுத்துக்க."

ஹார்லன் என் முகத்தைப் பார்த்தான். "எனக்கு டொக்குன்னுல்ல கேட்டுச்சு."

"பஸ்ஸுல பிள்ளைங்க போட்ட கூச்சல்ல உன் காது அடைச்சுப் போச்சு, போ."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை உண்மையாகவே சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

சக்கரம் திரும்புவதற்கான முளை கிங்பின்; அதன் தேய்ந்த புஷ்ஷை மாற்ற ஆக்ஸில் என் பட்டறைக்கு வந்தது. நான் பொறுப்பில்லாதவன் இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசிப் பார்த்தேன். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து தூளில் கோடு விழும். விழுந்தது. கிங்பின் நுழையும் துளைக்குக் கீழே, மயிர் மாதிரி, கட்டைவிரல் நீளம்.

குறுஞ்செய்தி தட்ட போன் பக்கத்திலேயே இருந்தது. எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் என்ன சொல்வது? விரிசல் என்றால், அன்றைக்கு எப்படிக் கணீரென்றது என்று கேட்பான். அவன் கேட்டால் சந்தை கேட்கும். அப்புறம் காதுக்குள் செவிட்டு மிஷின் பொத்தானை வைத்துக்கொண்டு, சந்தையின் ஓரத்தில் ஹாட் டாக் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு விரிசலை உரசிவிட்டு, பட்டி வைத்து, கறுப்பு பெயின்ட் அடித்தேன். இரண்டு பூச்சு. ஒன்றே போதும்தான். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

ஓடுதளத்தில் வண்டிகளைச் சோதிப்பவர் பர்ட். கையில் டார்ச்சோடு முட்டி போட்டுக் குனிந்தார்.

"ஆக்ஸில் யாரு பாத்துக் குடுத்தது?"

"நம்ம காதுதான்" என்றான் ஹார்லன்.

பர்ட் எழுந்துவிட்டார். "அப்ப நான் எதுக்கு மண்ணுல முட்டியத் தேய்க்கணும்?" என்று கண்ணாடியில் அனுமதிச் சீட்டை ஒட்டினார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அது என் பெயருக்குக் கிடைத்த மரியாதை.

பச்சை விளக்கு விழுந்தது. வண்டியின் மூக்கு எழுந்தது, கூட்டமும் எழுந்தது. மூக்கு இறங்கியது. கூட்டம் உட்காரவில்லை. இடது சக்கரம் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், புல்வெளியைப் பார்த்து உருண்டு போனது. கார் சுவரில் மோதியதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. அந்த ஒரு நாள் எனக்குக் காது இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அடக்கத்தன்று அவன் மனைவி நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்கு உங்க மேல அவ்வளவு நம்பிக்கை" என்றாள். அதற்கு மேலும் பேசினாள். நான் என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குனிந்துகொண்டால் எனக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. அந்தச் சப்பாத்தில் கறுப்பு பெயின்ட் ஒரு சொட்டு இருந்தது. அதைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன்.

மேஜையில் வைத்திருக்கிறீர்களே, அந்த உடைந்த துண்டில் இருக்கும் பட்டி நான் வைத்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னிடம் ஏதோ கேட்டான் என்று நோரீன் சொன்னாளா? வாய் மூடாத பழைய ஹெல்மெட், பத்தடி தூரம், நல்ல வெளிச்சம். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன், உண்மைதான். ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள், ஆபீசர். அந்த எஞ்சின் சத்தத்தில், "டேய், சத்தியமா கணீர்னுதானே இருந்துச்சு?" என்று ஒருவன் கேட்டால், யாருக்குத்தான் கேட்கும்?