ஈரப் பாறைக்கு எந்த டயர்

மெக்கானிக்: ...திட்டிடுங்கண்ணே. ரெண்டு அறை வேணும்னாலும் வைங்க. இப்படி ஸ்டூல்ல உக்காந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க.

மூட்டைக்காரர்: எதுக்குத் தம்பி திட்டணும்?

மெக்கானிக்: பிரேக் மாட்டினது நான்தானே. சைக்கிள் ரேஸ்ல உங்க பொண்ணு மலையிலேருந்து விழுந்தது அதனாலதான். அவளே சொன்னாளாமே.

மூட்டைக்காரர்: சொன்னா. கண்ணு முழிச்சதும் முதல் பேச்சே அதுதான். "பிரேக் பிடிக்கலப்பா"ன்னா.

மெக்கானிக்: அப்புறம் என்ன? ஒரு மாசமா நீங்க எப்ப வருவீங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

மூட்டைக்காரர்: பிரேக் கிடக்கட்டும். எனக்கு டயரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.

மெக்கானிக்: டயரா... டயர் எதுக்குண்ணே?

மூட்டைக்காரர்: சும்மாதான். முப்பது வருஷமா மூட்டை தூக்குறேன். செருப்பைத் தவிர வேற எதையும் பார்த்து வாங்கத் தெரியாது. மலை சைக்கிளுக்கு டயரை எப்படிப் பார்த்து எடுப்பீங்க?

மெக்கானிக்: அது... ஓடுற தரையைப் பொறுத்து. காஞ்ச கெட்டித் தரைன்னா டயர் மேல துருத்திக்கிட்டு இருக்கிற பட்டன் குட்டிக் குட்டியா, நெருக்கமா இருக்கணும். அலுங்காம ஓடும்.

மூட்டைக்காரர்: பொலபொலன்னு மண்ணா இருந்தா?

மெக்கானிக்: பட்டன் கொஞ்சம் பெருசா, ஓரத்துல கெட்டியா இருக்கணும். அப்பத்தான் திரும்பும்போது மண்ணைக் கடிச்சுக்கும்.

மூட்டைக்காரர்: சேறு?

மெக்கானிக்: உயரப் பட்டன். தள்ளித் தள்ளி இருக்கணும். நெருக்கமா இருந்தா சேறு அப்பிக்கிட்டு சக்கரமே உருண்டையா ஆயிடும். டீ சொல்லவாண்ணே?

மூட்டைக்காரர்: வேணாம். ஈரப் பாறை? மழை பெஞ்சு பாறை நனைஞ்சு கிடக்கு. அங்க எது?

மெக்கானிக்: பாறையில எந்த டயரும் வழுக்கும். விடுங்கண்ணே.

மூட்டைக்காரர்: எல்லாம் ஒரே மாதிரியா வழுக்கும்?

மெக்கானிக்: போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்களே.

மூட்டைக்காரர்: போலீஸ்காரன் அடிச்சுக் கேப்பான். நான் கெஞ்சிக் கேக்குறேன்.

மெக்கானிக்: ...மெத்து ரப்பர். அதுதான் பாறையில ஒட்டும். காத்தையும் கொஞ்சம் கம்மியா வச்சா, மேடு பள்ளத்துக்கு வளைஞ்சு கொடுக்கும்.

மூட்டைக்காரர்: பட்டன் உயரமா இருக்க வேணாமா?

மெக்கானிக்: சேறுன்னா பட்டன் உள்ள இறங்கும். பாறையில எங்கண்ணே இறங்குறது? மடங்கிக்கும். அதுலயும் கெட்டி ரப்பரா இருந்துட்டா, சோப்பு மேல நிக்கிற கதைதான்.

மூட்டைக்காரர்: மெத்து ரப்பர் சீக்கிரம் தேயுமோ?

மெக்கானிக்: தேயும். பார்க்கப் பாவமாத்தான் இருக்கும். ஆனா... உங்க காலடியில இருக்கிற அந்தச் சாக்குல என்னண்ணே?

மூட்டைக்காரர்: பழைய டயர் ரெண்டு. அமுக்கிப் பாருங்க.

மெக்கானிக்: ...இது நான் பாப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தது.

மூட்டைக்காரர்: தூக்கிப் போடத்தான் வச்சிருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு அலையுற மாதிரி ஆயிடுச்சு. நேத்துதான் கட்டைவிரலால அமுக்கினேன். மெத்துன்னு இருக்கு தம்பி... காது மடல் மாதிரி.

மெக்கானிக்: அண்ணே, இங்க பாருங்க. டயருக்கும் பாப்பா விழுந்ததுக்கும் சம்பந்தமே கிடையாது. பிரேக்குல ஒரு ஸ்க்ரூவை நான் சரியா முறுக்கல.

மூட்டைக்காரர்: எந்த பிரேக்?

மெக்கானிக்: பின்னாடி... இல்ல, முன்னாடி.

மூட்டைக்காரர்: முன்னாடியா, பின்னாடியா?

மெக்கானிக்: ரெண்டும்தான்!

மூட்டைக்காரர்: உங்களுக்குப் பொய் சொல்ல வரல. விட்டுடுங்க. ரேஸுக்கு முதல் நாள் அவ சைக்கிளைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். பட்டனெல்லாம் தேஞ்சு மொட்டையா இருந்துச்சு. செருப்பு தேஞ்சு போனா லாரிக்குச் சாய்ச்சு வச்ச ஈரப் பலகையில நான் ஏற மாட்டேன். கூடத் தூக்குறவனையும் ஏற விட மாட்டேன். பெத்த பொண்ணை மட்டும் இதுல அனுப்புறதான்னு நினைச்சேன்.

மெக்கானிக்: அன்னிக்குன்னு பார்த்து நான் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டேனே...

மூட்டைக்காரர்: வந்து பார்த்தேன். பூட்டு தொங்குச்சு. பாப்பா சிநேகிதி வீட்டுலேருந்து வர்றதுக்குள்ள மாட்டிடணும்னு அடுத்த தெருக் கடைக்கு உருட்டிக்கிட்டுப் போனேன். இருக்கிறதுலயே உயரப் பட்டனைக் கைகாட்டி, அதை மாட்டுப்பான்னேன். தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. நல்ல சரக்குன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

மெக்கானிக்: தெரியாம செஞ்சதுதானேண்ணே.

மூட்டைக்காரர்: எனக்குத் தெரியாது. அவளுக்கு? அதைக் கேக்கத்தான் வந்தேன். சைக்கிள்ல ஏறும்போதே டயர் தப்புன்னு அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?

மெக்கானிக்: தெரியாது.

மூட்டைக்காரர்: தரையைப் பார்க்காம சொல்லுங்க, தம்பி.

மெக்கானிக்: ரேஸ் அன்னிக்குக் காலையில இங்க வந்தாண்ணே. தூறிக்கிட்டு இருந்துச்சு. டயரைப் பார்த்ததும், கழட்டும்மா, பத்து நிமிஷத்துல வேற மாட்டித் தர்றேன்னேன். சிரிச்சா. "அப்பா ஆசையா மாட்டி விட்டது. ரேஸ் முடியுற இடத்துல நின்னுக்கிட்டு என்னைப் பார்க்குறதுக்கு முன்னாடி டயரைத்தான் பார்ப்பார். மெதுவா இறங்கிக்கிறேண்ணா"ன்னா.

மூட்டைக்காரர்: மெதுவா...

மெக்கானிக்: நான் ஸ்பேனரைப் போட்டு டயரைக் கழட்டியிருக்கணும். சைக்கிளையே பிடுங்கி வச்சிருக்கணும். அவ சிரிக்கவும் நானும் சிரிச்சுட்டேன்.

மூட்டைக்காரர்: நீங்க என்ன பண்ணுவீங்க.

மெக்கானிக்: இடுப்புக்குக் கீழ இனிமே அசைவு வராதுன்னு டாக்டர் சொன்னாரே, அன்னிக்கு எனக்கு போன் பண்ணினா. "பிரேக்குன்னு சொல்லி வச்சிருக்கேன், நீங்களும் ஆமான்னுடுங்க. டயர்னு தெரிஞ்சா அப்பா உயிரோட இருக்க மாட்டார்"னா.

மூட்டைக்காரர்: அன்னிக்கேவா...

மெக்கானிக்: அன்னிக்கேதான். தன் காலைப் பத்தி ஒரு வார்த்தை பேசலண்ணே. தண்ணி குடிங்க... பிடிங்க. ஆமா, பிரேக்கால இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? கழட்டிப் பார்த்தீங்களா?

மூட்டைக்காரர்: கழட்டவெல்லாம் இல்ல. முடியுற இடத்துல நிக்கிறேன்னுதான் அவகிட்ட சொல்லியிருந்தேன். மனசு கேக்கல, மேல ஏறி அந்தப் பாறை வளைவுல போய் நின்னேன். அவ என்னைப் பார்க்கல. பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது தம்பி. சக்கரம் ரெண்டும் சுத்தவே இல்ல. சுத்தாமலே வழுக்கிக்கிட்டுப் போச்சு... உங்களைப் பார்க்கப் போறேன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் உங்களுக்கு போன் பண்ணுவா, அப்பா வந்தாரான்னு கேப்பா. வந்தார், பிரேக்கை இப்படியா மாட்டுவேன்னு சட்டையைப் பிடிச்சு உலுக்கிட்டுப் போனார்னு சொல்லுங்க. நல்லா கத்தினார்னு சொல்லுங்க.