பூட்டு விழாத தலைப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் காது இன்னும் கூர்மை.

தேக்கா சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக்காரருக்கு என் பாஸ்வேர்ட் தெரியும்கா. அதான் பிரௌசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு, மெயிலைப் பூட்டி உங்களுக்கு அனுப்புறேன். அவர் திறந்தா வெறும் கிறுக்கல்தான்” என்றாள் இளையவள்.

“கெட்டிக்காரி லா நீ. படிச்சுப் பரீட்சை எழுதட்டும்” என்று சிரித்த மூத்தவள், தன் போனைத் திறந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏண்டி, கீழதான் கிறுக்கல். மேல ‘வெள்ளிக்கிழமை ரூம் சாவி’ன்னு இருக்கு. ஏரியா பேரு, பிளாக் நம்பர் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது.”

“சப்ஜெக்டும் பூட்டிக்கும்னு நினைச்சேன்கா.”

“உள்ள எழுதுறதத்தான் பூட்டும். தலைப்பப் பூட்டாது.”

இளையவள் கட்டுப் போட்டிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். “இன்னிக்கு லீவு போட்டிருக்காரு. கம்ப்யூட்டர் முன்னாலதான் உட்கார்ந்திருந்தாரு.”

“போன் அடிச்சாரா?”

“அடிக்கல. அதான்கா பயமா இருக்கு.”

“வீட்டுக்குப் போகாத. அந்த ரூமும் வேணாம். ஸ்கூல்ல பிள்ளையக் கூட்டிக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வா.”

மணியை அழுத்தி, அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

கயல், பாட்டி எழுதிய இதை ஒருமுறை வாசித்துக் காட்டும்மா. அந்த இடத்தின் பெயரையோ, அவர்கள் இறங்கிய நிறுத்தத்தையோ கைதவறி எழுதிவிட்டேனா என்று பார்.