பக்கத்து நட்சத்திரத்தைக் காட்டும் அம்பு

அவைத் தலைவர் ந்தாதே கமோஹேலோ லெடூகா அவர்களே, மலூட்டி வான்நோக்கர் சங்கத்தின் பெரியோர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நேயோவே, மலைப்பாதையில் குதிரையேறி வந்திருக்கும் நண்பர்களே!

கல்லறையிலிருந்து திரும்பி, வாசலில் வைத்த தண்ணீரில் கை கழுவிவிட்டு உள்ளே வந்திருக்கிறோம். டாக்டர் செல்வானே மொகோமா அவர்களை உங்களில் பலர் எப்போதோ கைகழுவிவிட்டீர்கள். இன்று அவரை "விண்ணுலகின் தாய்" என்கிறீர்கள்! உயிரோடு இருந்தபோது என்ன சொன்னீர்கள்? "நொட்டை சொல்ற பொம்பளை" என்று சொல்லவில்லையா?

அவர் சொன்ன நொட்டைதான் என்ன? நம் சங்கத்தை நிறுவியவர், தலைவரின் தந்தை, பெரியவர் லெடூகா, ஒளி கூடிக் குறையும் சிவப்பு நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். உண்மை. அவர் கண்ணை நானும் வணங்குகிறேன். ஆனால் அதற்கு அவர் படம் வரைந்த குளிர்காலத்தில் அந்தச் சிவப்பு மங்கி மறைந்திருந்தது. ஒட்டினாற்போல் இருந்த வெள்ளை நட்சத்திரத்தை அதுதான் என்று எண்ணி அம்புக்குறி போட்டுவிட்டார். உலக நட்சத்திரப் பட்டியலும் அப்படியே ஏற்றுக்கொண்டது. பிறகு நாம் என்ன செய்தோம்? ஒருநாளும் மாறாத அந்த வெள்ளையைப் பார்த்து, "இன்று கொஞ்சம் மங்கல்", "இன்று கொஞ்சம் பளிச்" என்று எழுதி அனுப்பினோம்! மாறும் என்று பட்டியல் சொல்லிவிட்டது, நம் கண்ணுக்கும் மாறியது.

செல்வானே அம்மையாரின் கண்ணுக்கு மட்டும் மாறவில்லை. எல்லை தாண்டிப் போய் வானத்தின் பழைய புகைப்படத் தகடுகளைத் தேடிப் பார்த்து, அம்பு தவறு என்று நிறுவினார். பட்டியலை வைத்திருப்பவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கண்டுபிடித்த சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஒப்புதலை அவர் முதலில் கேட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். தலைவர் அவர்களே, நீங்கள் எழுந்து கேட்டீர்கள்: "ஏம்மா, எங்கப்பா கண்ணு பொய் சொல்லுமா?"

அவர் சொன்னார்: "கண்ணு சரிதான் ந்தாதே, ஐயா. அம்புதான் பக்கத்து வீட்டைக் காட்டுது. திருத்தினா அந்த நட்சத்திரம் அவருக்கே கிடைக்கும். திருத்தலைன்னா அவர் கண்டுபிடிச்சது ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். உங்கப்பா பேரைக் காப்பாத்துறது இப்ப யாரு, நீங்களா, நானா?"

"வந்துட்டாங்கப்பா, வானத்துக்கே வாத்தியாரம்மா!" என்றது பின்வரிசை. சபையே சிரித்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கேட்டார். ஒவ்வோர் ஆண்டும், "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்மா" என்றீர்கள். அந்த அடுத்த கூட்டம் இதுதான்!

நீங்கள் போர்த்தியிருக்கும் போர்வைகளில் குத்தியிருக்கும் செப்புச் சின்னத்தைப் பாருங்கள். அதே படம், அதே அம்பு! அவர் அதை ஒருநாளும் அணிந்ததில்லை. திமிர் என்றீர்கள். "தப்பை நெஞ்சுல குத்திக்கிட்டு எப்படிய்யா தொலைநோக்கியில குனியறது?" என்று என்னிடம் கேட்டார். இன்று காலை என்ன செய்தீர்கள்? சங்க வழக்கம் என்று, சவப்பெட்டிமேல் விரித்த அவருடைய போர்வையில் அதே சின்னத்தைக் குத்தினீர்கள்! இனி எதிர்த்துப் பேசமாட்டார் என்ற தைரியமா?

இதோ அந்தச் சின்னம். குழியில் இறக்குமுன் நான் கழற்றிவிட்டேன். நேயோதான் போர்வையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தவறில்லாமல்தான் மண்ணுக்குள் போயிருக்கிறார்.

அவர் பணியை நான் தொடர்வேன். ஒப்புதல் கிடைக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து அவர் கேட்டதையே கேட்பேன். இன்றே தொடங்குகிறேன். அடுத்து மௌன அஞ்சலி. மௌனத்தை அவருக்கு வேண்டிய மட்டும் கொடுத்துவிட்டீர்கள், அது போதும். அம்பு தவறு என்று ஒப்புக்கொள்பவர்கள் மட்டும் அவருக்காக எழுந்து நில்லுங்கள். மற்றவர்கள், அவருடைய மகளைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருங்கள்.

முதலில் நீங்கள், தலைவர் அவர்களே.